பாவு முடிகிற வரைக்கும்

அவள் என்றுதான் எழுதப் போகிறேன். நேரில் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். சண்டையிலும் அக்காதான். என்னைவிட வயதில் மூத்தவள். ஆனால் எழுத உட்கார்ந்தால் அவள் என்றுதான் வருகிறது. கோபம் இன்னும் போகவில்லை.

எதையும் பாதியில் விடமாட்டாள். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

சண்டையைக்கூட விடமாட்டாள். ஒரு நாள் காலையில் வண்டிக்காரன் மணலைக் கொண்டுவந்து, அவள் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் கொட்டிவிட்டான். "மணலு கொட்றவனுக்குத்தான் கண்ணு இல்ல..." என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். முடிந்தது என்று நான் அடுப்பைப் பற்றவைத்தேன். எல்லாக் குடத்தையும் நிரப்பி, மூடி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள்.

"உனுக்கு இருக்குதில்ல? எங்க கொட்றான்னு பாக்க வாணாமா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, விட்ட வார்த்தையிலிருந்து எடுத்திருக்கிறாள். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ இன்னாத்துக்குய்யா சிரிக்கற? உனுக்கும் சேத்துதான் சொல்றேன்" என்றாள்.

நாங்கள் களம்பூர். அரிசி மில்லில் வேலை. அவர் மூட்டை தூக்கினார். நான் களத்தில் நெல் காயவைத்தேன். அவருக்கு முதுகு போய்விட்டது. இனிமேல் மூட்டை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருந்ததையெல்லாம் புரட்டி ஆரணியில் ஒரு பழைய ஓட்டு வீடு வாங்கினோம். முன் ரூமில் இட்லிக் கடை போட வேண்டும். பின்னால் நாங்கள் இருந்துகொள்ள வேண்டும். இந்த வீடு நிற்கவில்லை என்றால் எங்களுக்கு வேறு போக்கு இல்லை.

வீட்டை வாங்கும்போது அவளும் அதற்குள் இருந்தாள்.

விற்றது அவள் தம்பி. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்தான். நன்றாகப் பேசுவான். "பின் ரூம்ல எங்க அக்கா தறி ஒண்ணு ஓடிகினு கீதுங்க. ஓடற தறிய நிறுத்தக் கூடாது பாருங்க. பாவு முடிஞ்சதும் எடுத்துட்டு எங்கூட வந்துடும்" என்றான்.

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கிற நூல். ஒரு பாவில் மூன்று சேலை வரும் என்றான். சரி என்றோம். நெல் காய்ந்தால் அள்ளிவிடுவோம். பாவும் அப்படித்தான் என்று நினைத்தோம்.

பழைய வீட்டைச் சரிபண்ணுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஒரு சுவரைத் தட்டினால் பக்கத்துச் சுவர் உதிர்ந்தது. ஒரு கதவைக் கழற்றினால் நிலையே கையோடு வந்தது. சோற்றில் சுண்ணாம்பு, காபியில் சுண்ணாம்பு. தலை வாரினால் சீப்பில் மண். முன் ரூமில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு படுத்தோம். கொல்லையில் கல் கூட்டிச் சமைத்தேன். பக்கத்திலேயே அவள் அடுப்பு. ஒரே கொல்லை, இரண்டு அடுப்பு. அவள் புகை என் மேல், என் புகை அவள் மேல்.

மேஸ்திரி வந்து மேலே ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து துண்டை உதறினார்.

"உத்திரம் பூரா கரையான்மா. நடுக்கூடத்துல ஆரமிச்சி பின் ரூம் வரைக்கும் ஒரே கட்ட. பாதிய மாத்த முடியாது. மாத்துனா முழுசா மாத்தணும்."

"மாத்துங்க."

"தறி கீதே கீழ. ஓடு எறக்குனா மண்ணு கொட்டும். பட்டு மேல மண்ணு விழுந்தா நான் பதில் சொல்ல முடியாது. குழித்தறி வேற, காலெல்லாம் பொதச்சிருக்கு, ஓரமா தள்ளி வைக்கவும் முடியாது. பாவு முடியட்டும். வரேன்."

"மழ வந்துடும் மேஸ்திரி."

"எனுக்குத் தெரியாதாம்மா?"

அதனால் காத்திருந்தோம். சுவர் பூசினோம், தரை தட்டினோம், கக்கூஸ் கட்டினோம். கூரையை மட்டும் தொடவில்லை. கூரைக்குக் கீழே அவள் நெய்துகொண்டிருந்தாள். டக்கு டக்கு என்று நாள் பூரா சத்தம். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டாலே பல் கூசும்.

குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். தெருவில் சாவு போகும். மேளம் கேட்டு எல்லாரும் வாசலுக்கு வருவார்கள். அவள் வரமாட்டாள். கையில் இருக்கிற கரைப்பூவை நெய்து முடித்துவிட்டுத்தான் வருவாள். அதற்குள் பாடை தெருமுனை தாண்டியிருக்கும். வெறும் தெருவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போவாள்.

பொதுச் சுவரில் பழைய பூச்சைத் தட்டியபோது ஒரு தேள் வந்தது. கறுந்தேள். பின் ரூம் பக்கம் ஓடி, அவள் குழியில் விழுந்துவிட்டது. நான் கத்தினேன்.

"அக்கா, தேளு! எழுந்துரு!"

"எந்தப் பக்கம் விழுந்திச்சி?"

"எடது கால்கிட்ட!"

இடது காலை மட்டும் தூக்கி மேலே வைத்துக்கொண்டாள். வலது காலால் மிதித்து, ஊடு நூல் ஓட்டுகிற நாடாவை ஓட்டினாள். நாலு ஓட்டு, ஐந்து ஓட்டு இருக்கும். அந்தக் கரைப்பூவை முடித்துவிட்டு, துடைப்பக்கட்டையை வாங்கி, குழிக்குள் குனிந்து அடித்தாள்.

"பைத்தியமா உனுக்கு?" என்றேன்.

"பாதியில எழுந்தா கோடு விழுந்துடும்" என்றாள். அவ்வளவுதான்.

இன்னொன்று. புதுச் சிமெண்டுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். என் வீட்டுக்காரர் ஊற்றிக்கொண்டிருப்பார், முதுகு பிடித்துக்கொள்ளும், பாதியில் வந்து படுத்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மிச்சச் சுவரும் நனைந்திருக்கும். யார் ஊற்றியது என்று கேட்க வேண்டியதில்லை. நன்றி சொல்லப் போனால் திட்டுவாள். "ஊத்தறவன் முழுசா ஊத்து. இல்லாட்டி வாளிய தொடாத" என்பாள். அவருக்கு முதுகு வலி என்று சொன்னேன். "அத்த வாளிய எடுக்கறதுக்கு முன்னாடி நெனைக்கணும்" என்றாள்.

இப்படிப்பட்டவளுக்குச் சாப்பாடு போடவும் மனம் வராது. கொடுக்காமல் இருக்கவும் மனம் வராது. கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். உப்பு கம்மி என்றாள்.

கல்யாணம் ஆனவள்தான். தேவிகாபுரத்தில் கொடுத்திருந்தார்கள். இளவயதிலேயே திரும்பி வந்துவிட்டாள். ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். "இன்னாக்கா ஆச்சி அங்க?"

ஆய்கிற கை நிற்கவில்லை. "அது ஒண்ணுதான் பாதியில உட்டேன்" என்றாள். கீரைக்கட்டை முழுசாக ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

நான் தினமும் பாவைப் பார்ப்பேன். தறிக்குப் பின்னால் உருட்டுக்கட்டையில் பாவு சுற்றியிருக்கும். நெய்ய நெய்ய அது மெலியும். முதலில் என் தொடை பருமன் இருந்தது. அப்புறம் கை பருமன். வானம் கறுக்க ஆரம்பித்த நேரத்தில் கட்டையே தெரிந்தது. எனக்குச் சந்தோஷம். மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினேன். புது உத்திரத்துக்குப் பர்மா தேக்கு எங்களுக்குக் கட்டாது. வேப்பங்கட்டை பார்த்து அறுத்து வைத்தார்கள். களம்பூரில் ஒரு காது குத்து. போய்விட்டு மறுநாள் வந்தேன்.

உருட்டுக்கட்டை மறுபடியும் தொடை பருமன் இருந்தது.

தரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரில் தெருக்கோடியிலிருந்து ஒரு பொம்பளை. நடுவில் கொட்டாங்கச்சியில் சாம்பல். விரலில் சாம்பலைத் தொட்டு, பழைய பாவின் நுனி ஒன்று, புதுப் பாவின் நுனி ஒன்று, இரண்டையும் சேர்த்துத் திரித்தார்கள். அடுத்த இழை. அடுத்த இழை. தலைமுடி எண்ணுகிற மாதிரி வேலை.

"இன்னாக்கா இது?"

"பாவு பொணைக்கறோம்."

"பாவு முடிஞ்சிச்சே."

"முடிஞ்சா பொணைக்கத்தானே வேணும்?"

"பாவு முடிஞ்சதும் எடுத்துடுவன்னு சொன்னாங்க!"

"யாரு, நானா சொன்னேன்?"

எதிரில் இருந்தவள் சிரித்தாள். "பாவு எங்கனா முடியுமா தாயி? இதோட வாலு இல்லாம அடுத்த பாவு ஏது? தறிய வித்தாதான் முடியும்" என்றாள்.

நெசவுக்காரத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பாவு ஒரு நாளும் முழுசாக முடிவதில்லை. கடைசியில் ஒரு சாண் வால் விட்டு அறுத்து, அதோடு புதுசைப் பிணைத்துவிடுவார்கள். களம்பூரில் எங்களுக்கு யார் சொல்வார்கள்? நெல்லுக்கு நெல்லை முடிச்சுப் போடுவதில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சாம்பல் கொட்டாங்கச்சியை எட்டி உதைக்கலாம் போல இருந்தது. உதைக்கவில்லை. "வித்துட்டு உள்ளயே குந்திகினு இருப்பியா? வெக்கமா இல்ல?" என்று கேட்டேன்.

அவள் கையில் இருந்த இழையைத் திரித்து முடித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"கடைசி வரைக்கும் இங்கயே நெய்யலாம்னான். வாங்கறவங்க ஒத்துகினாங்கன்னான். அதுக்குதான் கையெழுத்து போட்டேன். நீ ஒத்துகினியா இல்லியா?"

"எங்கிட்ட அப்பிடி யாரும் கேக்கல."

குனிந்து அடுத்த இழையை எடுத்தாள்.

அன்றைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தம்பி யாருடைய செல்போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாங்கம்மா, வூட்டு வேலயெல்லாம் எப்டி போவுது?"

"உங்க அக்காவுக்கு ஒண்ணு சொன்ன, எங்களுக்கு ஒண்ணு சொன்ன."

"பத்திரம் உங்க பேர்ல தானுங்க கீது? நீங்க போன்னா அது போவப்போவுது."

"நீ சொல்லு."

"கூடப் பொறந்தவன் நான் எப்பிடிங்க சொல்றது? மனசு கஷ்டப்படும் இல்ல?"

யார் மனசு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மழை வந்தது. முதல் மழையே பேய் மழை. நடுக்கூடத்தில் ஓடு சரிந்து, ஒரு மூலை அப்படியே உட்கார்ந்தது. உத்திரம் முறிகிற சத்தம் கேட்டது. பூசிய சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு பாத்திரம் பாத்திரமாக வைத்தார். பின் ரூமில் அவள் தறி மேல் பிளாஸ்டிக் பாயைக் கட்டிவிட்டு அதன் கீழே உட்கார்ந்து நெய்தாள். டக்கு டக்கு.

மழை விட்டதும் நனைந்த சேலையோடு மறுபடியும் அவன் கடைக்குப் போனேன். இந்த முறை ஆள் பார்க்கவில்லை, கடை பார்க்கவில்லை. கத்தினேன். "வூடு இடிஞ்சி எங்க தலமேல விழப்போவுது. பொய்ய சொல்லி வித்துட்டு இங்க ஃபேன் காத்துல குந்திகினு கீற. வந்து பேசி உங்க அக்காவ இட்டுனு போ" என்றேன். ஜனம் கூடிவிட்டது. அவன் முகம் செத்துப்போனது.

மறுநாள் காலையில் வந்தான். மேஸ்திரி சவுக்குக் கட்டையை நட்டு உத்திரத்துக்கு முட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அவன் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பின் ரூமுக்குப் போனான். பேசுவான் என்று நானும் பின்னால் போனேன்.

அவன் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து கடைக் கத்தரிக்கோலை எடுத்தான். பாவை ஒரு கையால் கூட்டிப் பிடித்தான். அறுத்தான்.

சத்தம் பெரிதாக இல்லை. இழுத்துக் கட்டியிருந்த பட்டு தளர்ந்து அவள் மடியில் வந்து விழுந்தது. அவள் கையில் நாடா அப்படியே இருந்தது. பாதிச் சேலை. முந்தானைக்குப் போக இன்னும் எவ்வளவோ இருந்தது.

"முடிஞ்சிச்சி பாவு. எழுந்துரு" என்றான்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் விட்டேன். களத்தில் நெல் வாரி இழுத்த கைதானே.

"என்ன கேக்காம என் வூட்டுல எவன்டா அறுக்கறது?"

"உங்களுக்காகத்தாங்க பண்ணேன். நீங்கதானே நேத்து..."

"பேசச் சொன்னேன்டா! இது என் வூடு. பத்திரம் என் பேர்ல கீது, நீதான சொன்ன? வெளிய போ!"

மேஸ்திரி மேலிருந்து, "நானே பட்டு மேல தூசி விழுமேன்னு ஆவணிலேருந்து நின்னுகினு கீறேன். த்தூ" என்றார். என் வீட்டுக்காரர் அவனைத் தொடவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவன் போனதும் சாத்தித் தாழ் போட்டார்.

திரும்பிப் போனேன். அழுவாள் என்று நினைத்தேன். மடியில் கிடந்த நூலை விரலால் கோதிக்கொண்டிருந்தாள்.

"சாம்பலு எடுத்துனு வா" என்றாள்.

அவள் அடுப்பு மழையில் நனைந்துபோயிருந்தது. என் அடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சலித்துக் கொடு என்றாள். சலித்துக் கொடுத்தேன்.

ஒற்றை ஆளாகப் பிணைத்தாள். நான் உதவி செய்கிறேன் என்றேன். என் விரலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். மழை வந்தால் பிளாஸ்டிக் பாயை நான் பிடித்துக்கொண்டேன். கை மரத்துப் போகும். விட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றும். அவளைப் பார்த்தால் போக முடியாது. போக முடியவில்லையே என்று அந்தக் கோபம் வேறு.

சேலையின் நடுவில் வரிசையாக முடிச்சு. எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது.

"பட்டு குடுத்த முதலாளி இத்த எடுப்பாராக்கா?"

"எடுக்க மாட்டாரு."

"அப்பறம் எதுக்கு?"

"அதுக்கோசரம் பாதியில உடுவாங்களா?"

முந்தானை வரைக்கும் நெய்தாள். அறுத்து மடித்து வைத்தாள். அப்புறம் என்னிடம் சொல்லவில்லை. மேஸ்திரியிடம் போய், "நாளான்னிக்கி ஓடு எறக்கு" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் எங்களுக்குள் சண்டை. எதற்கு ஆரம்பித்தது என்று பார்த்தால் ஒன்றுமில்லை. அவள் அடுப்புக் கல்லை நான் நகர்த்திவிட்டேன். வார்த்தை வளர்ந்தது. "பொழைக்க வந்த எடத்துல எங்கள இந்தப் பாடு படுத்திட்டியே" என்றேன். அவளுக்கு மூக்கு விடைத்தது. "நீ மட்டும் இன்னா? அன்னிக்கி கடைக்குப் போயி நீ..." என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் குழாயில் தண்ணீர் வந்தது.

"இரு, வந்து சொல்றேன்" என்றாள்.

குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். நிரப்பினாள். மூடி வைத்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். என் பதிலை யோசித்து வைத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. ரூமுக்குள் போய்விட்டாள். காலையில் வருவாள் என்று இருந்தேன்.

காலையில் ரூம் காலி. பெருக்கியிருந்தது. குடமெல்லாம் நிரம்பித்தான் இருந்தது. தறிக் கட்டை அப்படியே நின்றது. மிச்சப் பாவும், அது கோத்திருந்த அச்சும் விழுதும் இல்லை. வாலோடு சுருட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தாள். மேஸ்திரி வரும்போது பஸ் ஸ்டாண்டில் பார்த்தாராம். பெரிய துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு தேவிகாபுரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாளாம். எங்க போறன்னு கேட்டாராம். மூட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாளாம். கட்டிக்கொடுத்த அந்த ஊரில் அவளுக்கு இப்போது யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

உத்திரம் மாற்றியாச்சு. ஓடு போட்டாச்சு. இட்லிக் கடை ஓடுகிறது. அவள் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்குக் கூரை வேண்டியிருந்தது. குழியை மூடிச் சிமெண்டு போட்டோம். அந்த இடம் மட்டும் இறங்கிவிட்டது. மறுபடி போட்டோம். மறுபடி இறங்கியது. திட்டிக்கொண்டே பெருக்குகிறேன்.

தறிக் கட்டை கொல்லையில் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறது. தம்பி ஆள் அனுப்பிக் கேட்டான். நல்ல மரமாம், விலை போகுமாம். அவள் வந்து கேட்டால் தருவேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்து அவனே வந்தான். தோசைக் கரண்டியோடு வாசலுக்குப் போனேன். போய்விட்டான்.

வருஷம் ஓடிவிட்டது. சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரும்போது எனக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வரும். அன்றைக்குக் கடைக்குப் போய் நான் என்ன? அவள் விட்ட இடம் அது. அதற்கு மேல் என்ன சொல்ல இருந்தாள் என்று எனக்குத் தெரியும். என் பதிலும் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு ஒழுகிய மூலையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவேன்.

இரு, வந்து சொல்றேன் என்றாள். வரட்டும்.